கைப்பிடி அரிசி

சில வருஷங்களுக்கு முன் திருவாரூர்ப் பக்கம் ஒரு திருச்சபையின் இளைஞர் முகாமில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கொடுத்த தலைப்பு ‘பொருள்முதல்வாத உலகில் வாழ்வின் பொருள்’. எனக்கு முன்னால் பேசிய போதகர் முக்கால் மணி நேரம் செல்போன், பைக், நகைக் கடன், டிவி சீரியல் என்று வரிசையாகத் திட்டினார். இதெல்லாம் பொருள்முதல்வாதம், இதை விட்டுவிட்டு ஆத்துமாவைத் தேடுங்கள் என்று முடித்தார். கீழே உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் பாதிப்பேர் நடவுக்கும் நூறுநாள் வேலைக்கும் போகிற தாய்மார்களின் பிள்ளைகள். சாப்பாட்டு வேளையில் ஒரு பையன் பக்கத்தில் வந்து நின்றான்.

“அண்ணே, காலேஜ்ல எங்கள சோத்துக்கு வேதத்துல சேந்தவனுவன்னு சொல்றானுவ. இவரு என்னடான்னா சோத்த நெனக்காதங்கிறாரு. நான் அவனுவளுக்கு என்னண்ணே பதில் சொல்றது?”

எனக்கு அன்றைக்குப் பதில் வரவில்லை. அது ஆதிக்க சாதி மனோபாவம், கண்டுக்காதே என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அது பதில் இல்லை என்று அவனுக்கும் தெரிந்தது. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இந்தக் கட்டுரை அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியது.

தமிழ் படித்தவன் என்பதால் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். ‘பொருள்’ என்ற சொல்லுக்குத் தமிழில் பண்டம் என்றும் அர்த்தம், செல்வம் என்றும் அர்த்தம், ‘அர்த்தம்’ என்றும் அர்த்தம். நெல்லும் வாழ்வின் நோக்கமும் ஒரே சொல்லுக்குள் கிடந்த மொழி இது. மேடையில் பேசுகிறவர்கள்தான் இதைப் பிரித்து, பிரித்ததையும் குழப்பி வைக்கிறார்கள். பொருளாசை என்பது பத்து வேலி நிலம் வைத்திருப்பவன் பதினோராவது வேலிக்கு அலைவது. பொருள்முதல்வாதம் என்பது ஒரு தத்துவம். பொருளே முதல், கருத்து அதிலிருந்து பிறந்தது என்பது. பசி என்பது பசி. இந்த மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி, அதைப் பசித்தவன் தலையில் தூக்கி வைப்பதுதான் நமக்குக் கிடைத்துவரும் பிரசங்கம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கேன்டர்பரி பேராயராகப் பின்னாளில் இருந்த வில்லியம் டெம்பிள், உலகின் பெரிய மதங்களில் பொருளை வெளிப்படையாக ஏற்றுக்கொள்வதில் கிறித்தவமே முதலில் நிற்கிறது என்ற கருத்தை 1934ல் வந்த தன் நூலில் எழுதினார். யோசித்தால் சரிதான். கடவுள் உடம்பெடுத்து வந்தார் என்பது அதன் அடிப்படை நம்பிக்கை. தச்சுவேலை செய்த உடம்பு. அதன் முக்கியமான சடங்கு சாப்பிடுவதும் குடிப்பதும். அது சொல்லிக்கொடுத்த ஜெபத்தில் இன்றைக்குச் சாப்பாடு வேண்டும் என்ற கோரிக்கை, பாவமன்னிப்புக் கோரிக்கைக்கு முன்னால் வருகிறது. இப்படிப்பட்ட மதம் காவிரிப் பாசனத்துக்குள் வந்து சேர்ந்தபோது என்ன ஆனது என்பதுதான் நம் விஷயம்.

1706ல் சீகன்பால்கும் புளூட்சாவும் தரங்கம்பாடியில் கரையிறங்கினார்கள். அடுத்த வருஷம் மே மாதம் முதலாவதாக ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேர் டேனிஷ்காரர்கள் வீட்டு அடிமைகள். கோட்டைக்கு வெளியே, குறுவையும் சம்பாவும் தாளடியும் விளைந்த வயல்களில், பறையரும் பள்ளரும் மிராசுதாரின் ஆளடிமைகளாகக் கிடந்தார்கள். அடிமைத்தனத்தைச் சட்டம் அங்கீகரிக்காது என்று கம்பெனி அரசு எழுதியது 1843ல். அதற்குப் பிறகும் அடிமை ‘பண்ணையாள்’ என்ற பேரில் நூறு வருஷம் ஓடியது. விதைத்தவன், நட்டவள், அறுத்தவள், அடித்தவன் எல்லாரும் சேரியில். பொலி போய்ச் சேர்ந்தது மிராசுதார் வீட்டுப் பத்தாயத்துக்கும் கோயில், மடத்துக் களஞ்சியத்துக்கும். இந்த மண்ணில் ஒருவன் ‘சோத்துக்காக’ எதையும் செய்தான் என்று யாராவது குற்றம் சொன்னால், அந்தச் சோறு யார் விளைவித்தது என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும்.

ராஜநாயக்கனின் கதை நம் பிள்ளைகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. தஞ்சை மராட்டிய அரசின் படையில் இருந்த பறையர், கத்தோலிக்கக் குடும்பம். தரங்கம்பாடி அச்சகத்தில் வந்த தமிழ் வேதப் புத்தகத்தை வாசித்து, 1720களின் கடைசியில் லுத்தரன் சபைக்கு வந்து, படைச் சேவகத்தை விட்டு உபதேசியார் ஆனார். சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 1731ல் எதிர்ப்பாளர்கள் தாக்கியதில் அவருடைய தகப்பனார் உயிர்விட்டார். அவர் விலகவில்லை. 1733ல் ஆரோன் என்ற வேளாளருக்குக் குருப்பட்டம் கொடுத்திருந்தார்கள். 1741ல் இரண்டாவது ஆளைத் தேடியபோது ராஜநாயக்கனின் பேர் அடிபட்டது. தகுதியில் குறையில்லை என்று மிஷனரிகளே எழுதினார்கள். ஆனால் பட்டம் தியோகுவுக்குப் போனது. காரணத்தையும் மறைக்காமல் எழுதி வைத்தார்கள். ஒரு பறையர் கையிலிருந்து நற்கருணை வாங்க மேல்சாதிக் கிறித்தவர்கள் கூசுவார்கள், அந்தச் சாக்கிரமெந்தின் மதிப்பே அவர்களிடம் குறைந்துவிடும் என்று. 1771ல் சாகிறவரை அவர் உபதேசியார்தான்.

ஆன்மாவுக்குச் சாதி இல்லை என்று பிரசங்கம் செய்யலாம், அதற்கு அவர் போதும். அப்பத்தை எடுத்துக் கொடுக்கும் கை என்று வரும்போது சாதி வந்துவிட்டது. நம்மைச் ‘சோத்துக்காரன்’ என்றவர்கள் நம் கையிலிருந்து ஒரு துண்டு அப்பத்தை வாங்க மாட்டார்கள். சோற்றை யார் அதிகம் பெரிதாக நினைத்தார்கள்?

சுவார்ட்ஸ் பாதிரியின் கதை இன்னொரு பக்கம். 1781ல் ஹைதர் அலியின் படை தஞ்சைச் சீமையை அழித்தபோது கோட்டைக்குள் பஞ்சம். வெளியே கிராமங்களில் நெல் இருந்தது, ஏற்றிவர மாடில்லை. ராஜா சொன்னதையும் கம்பெனி சொன்னதையும் ஜனங்கள் நம்பவில்லை, முன்பே ஏமாந்தவர்கள். ஒவ்வொரு மாட்டுக்கும் என் கையால் பணம் தருகிறேன் என்று சுவார்ட்ஸ் ஆளனுப்பினார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கு மேல் மாடுகள் வந்து சேர்ந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் போனது என்று அவரே எழுதியிருக்கிறார். வரிக்கொடுமை தாங்காமல் ஊரைவிட்டு ஓடிய குடிகளில் 7,000 பேர் அவர் வாக்கை நம்பி ஒரே நாளில் திரும்பி வந்தார்கள் என்றும் எழுதுகிறார். 1798ல் அவர் இறந்தபோது, அவரிடம் வளர்ந்த சரபோஜி மன்னர் ஃபிளாக்ஸ்மேன் என்ற ஆங்கிலேயச் சிற்பியைக் கொண்டு சலவைக்கல்லில் நினைவுச் சிற்பம் செய்து வைத்தார். சிவகங்கைத் தோட்டத்துத் தேவாலயத்தில் இன்றும் இருக்கிறது.

அந்த நெல்லால் பிழைத்த கோட்டைவாசிகளை யாரும் சோத்துக் கிறித்தவர் என்று சொன்னதில்லை. அரண்மனை பாதிரியிடம் வாங்கினால் அது நட்பு. சேரி வாங்கினால் அது ஆசைகாட்டுதல்.

அந்த சுவார்ட்ஸின் மாணவர்தான் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). வேளாளர், மிஷன் பள்ளியில் தலைமை ஆசிரியர், சரபோஜி அவையின் கவிஞர், பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். அவர் கீர்த்தனைகளை எங்கள் சேரிக் கோயிலில் இன்றும் பாடுகிறோம். என் அப்பாயி பத்துப் பதினைந்து கீர்த்தனை மனப்பாடமாகப் பாடும். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 1820களின் கடைசியில் புதிதாக வந்த மிஷனரிகள் கோயிலில் எல்லாரும் கலந்து உட்கார வேண்டும், ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்க வேண்டும் என்றபோது, சாஸ்திரியார் அதைக் கொடுமை என்று எழுதினார். சாதியைக் கலக்கச் சொன்னது, கோயிலில் பூவை விலக்கியது, தமிழ்ப் பாட்டை ஒதுக்கியது, பழைய வேத மொழிபெயர்ப்பைத் திருத்தியது ஆகிய எல்லாம் அவர் புகார்ப் பட்டியலில் ஒன்றாக நின்றன. பூவுக்கும் பாட்டுக்கும் நானும் அவர் பக்கம் நிற்பேன். முதல் புகாரில் அவர் எதிரே நிற்கிறேன்.

இங்கே அவருடைய தரப்பின் வாதத்தைக் கவனிக்க வேண்டும். சாதி என்பது உலக ஆசாரம், நாட்டு வழக்கம். அது சரீரத்தைச் சேர்ந்தது, ஆத்துமாவைச் சேர்ந்தது அல்ல. ஆகவே திருச்சபை அதில் கைவைக்க வேண்டியதில்லை. 1833ல் ஆங்கிலிக்கப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே, அடியோடு விட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையில் வேளாளக் கிறித்தவர்கள் கொதித்தார்கள். வெளியேறியவர்களில் பலர் பின்னால் லைப்சிக் லுத்தரன் மிஷனுக்குப் போனார்கள். அந்த மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுல் 1849க்கும் 1853க்கும் இடையில் இந்தியாவில் சுற்றிப் பார்த்துவிட்டு அதே வாதத்தை ஜெர்மன் மொழியில் எழுதினார். சாதி சமூக ஏற்பாடு, மெல்ல மெல்லக் கரையும், கட்டாயம் வேண்டாம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சேரிக்காரன் நெல் வேண்டும் என்றால்: அது உலகப்பொருள், ஆத்துமாவை நாடு. சேரிக்காரன் சாதி வேண்டாம் என்றால்: சாதி உலகக் காரியம், சபை ஆத்துமாவை மட்டும் பார்க்கும். பொருளுக்கும் ஆன்மாவுக்கும் நடுவில் போட்ட கோடு ஒன்றுதான். ஒரு தடவை அந்தப் பக்கமிருந்து, ஒரு தடவை இந்தப் பக்கமிருந்து, இரண்டு தடவையும் நம்மைத்தான் அது தள்ளியது. தத்துவ விசாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தது களத்துமேட்டில் போட்ட வரப்பாக இருந்திருக்கிறது.

அம்பேத்கர் இந்த வரப்பை ஒத்துக்கொள்ளவில்லை. 1936 மே மாதம் மும்பையில் மகர் மக்களிடம் மதமாற்றம் பற்றிப் பேசியபோது, அதற்குச் சமூகப் பக்கமும் உண்டு, ஆன்மிகப் பக்கமும் உண்டு என்று சொல்லி இரண்டையும் விளக்கினார். எதற்கும் வெட்கப்படவில்லை. அதே வருஷம் டிசம்பரில் ‘ஹரிஜன்’ இதழில் ஜான் மாட் என்ற அமெரிக்க மிஷன் தலைவரோடு காந்தி நடத்திய உரையாடல் வந்தது. தீண்டாதாரில் சிலர் அறிவில் பசுவைவிடக் கீழானவர்கள், எந்த மதம் மேல் எது கீழ் என்று பிரித்தறிய அவர்களுக்கு முடியாது என்றார் காந்தி. மகாத்மாவுக்கு நாம் வயிறாகத்தான் தெரிந்தோம். அதற்காக அம்பேத்கர் கிறித்தவத்தையும் சும்மா விடவில்லை. உன் துன்பத்துக்குக் காரணம் பாவம் என்று மதம் மாறியவனுக்குச் சொல்லிக்கொடுத்து, சமூகத்தை எதிர்க்கும் கோபத்தைக் கிறித்தவம் அவித்துவிட்டது என்று எழுதினார். 1956ல் புத்தரையும் மார்க்சையும் ஒப்பிட்டுப் பேசியபோது, மனிதனுக்குப் பொருள் வேண்டாம் என்பதும் தவறு, பொருள் மட்டும் போதும் என்பதும் தவறு, மனிதன் பன்றி அல்ல என்ற கருத்தைச் சொன்னார். இந்த முகாம் தலைப்புக்கு அதைவிட நேரான பேச்சு எனக்குக் கிடைக்கவில்லை.

செங்கொடியைப் பற்றிச் சொல்லாமல் தஞ்சையைப் பற்றி எழுத முடியாது. 1943ல் தென்பரையில் விவசாயிகள் சங்கம். பி. சீனிவாசராவ் சேரி சேரியாகப் போய்ச் சேரியிலேயே படுத்து, சேரியிலேயே சாப்பிட்டார். 1944ல் மன்னார்குடி ஒப்பந்தம். சாட்டையடியும் சாணிப்பாலும் இனி இல்லை என்று எழுத்தில் வந்தது. ஆன்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத இயக்கம் மனிதனை நிமிர்ந்து நிற்கச் செய்தது. இருநூறு வருஷப் பிரசங்கம் செய்யாத காரியம் அது. இதை ஒத்துக்கொள்ளாத கிறித்தவர் யாரோடும் எனக்குப் பேச்சு இல்லை. அதேசமயம், கூலி உயர்ந்தால் சாதி தானாகப் போகும் என்று தோழர்கள் சொன்னதையும் நாங்கள் நம்பிக் காத்திருந்தோம்.

1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணி. கேட்டது அரைப்படி நெல் கூடுதலாக, பிடித்திருந்தது செங்கொடி. ராமையாவின் குடிசைக்குள் எரிந்தவர்கள் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 1973ல் சென்னை உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் பெரிய நிலச்சொந்தக்காரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்றார்கள் நீதிபதிகள். பொருளுள்ளவனுக்கு நல்ல ஆன்மாவும் இருக்கும் என்பது நீதிமன்றம் கண்ட இறையியல். எங்கள் கோயிலில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தொழுவத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். வைக்கோல் வைத்துக் குடில் கட்டுகிறார்கள். அதே தேதியில் எரிந்த கூரையைப் பற்றிப் பீடத்திலிருந்து ஒரு வார்த்தை பேசி என் காதால் கேட்டதில்லை.

பேசியவர் ஒருவர் உண்டு என்றால், ‘பரட்டை’ என்று தனக்குப் பேர் வைத்துக்கொண்ட தெயோபிலஸ் அப்பாவு (1940–2005). மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியர். கர்னாடக மெட்டைத் தள்ளிவிட்டு நாட்டுப்புற மெட்டில் வழிபாடு செய்தார். அவருடைய இறையியலின் நடுவில் இருந்தது ‘ஒரு உலை’. கூட்டுக் குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரே உலையில் பொங்குவதுபோல ஒன்றாகப் பொங்கி ஒன்றாகத் தின்பது; தனித்தனி உலை வைத்தால் அங்கே கடவுள் இல்லை. நற்கருணையை அவர் அப்படித்தான் பார்த்தார். இது புதுசும் அல்ல. கொரிந்து சபையில் வசதிக்காரர்கள் முன்னாடியே வந்து தின்று குடித்துவிட, வேலை முடித்து வந்த ஏழைகள் பட்டினி கிடந்ததை பவுல் கண்டித்து எழுதிய நிருபம் பைபிளிலேயே இருக்கிறது. அது ஆண்டவருடைய பந்தியே அல்ல என்று அவர் சொன்னார். தஞ்சாவூரில் இரண்டு வரிசை, இரண்டு முறை என்று பந்தி வைத்தவர்களும் அதே நிருபத்தைத்தான் வாசித்தார்கள்.

சட்டத்துக்கு வருவோம். 1950ல் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆக முடியாது என்றது. 1956ல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990ல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறித்தவரையும் முஸ்லிமையும் சேர்க்கவில்லை. எங்கள் குடும்பத்திலேயே ஒரே தாத்தாவின் பேரன்களில் ஒருவன் ஆதிதிராவிடர், இன்னொருவன் பி.சி. இருவரும் ஒரே தெரு, ஒரே சுடுகாட்டுப் பாதை. 2002ல் தமிழக அரசு கட்டாய மதமாற்றத் தடைச்சட்டம் கொண்டுவந்தது. பொருள் ஆதாயம் காட்டுவது அதில் குற்றம். மாற்றப்பட்டவர் சிறுவராகவோ பெண்ணாகவோ பட்டியல் சாதியாகவோ பழங்குடியாகவோ இருந்தால் தண்டனை கூடுதல். காந்தி சொன்ன பசுவைச் சட்டப் புத்தகத்தில் கட்டிவைத்தார்கள். 2004 தேர்தல் தோல்விக்குப் பிறகு அந்த அரசே அதைத் திரும்பப் பெற்றது. 2024 நவம்பர் 26ல் உச்சநீதிமன்றம், உண்மையான நம்பிக்கை இல்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் மாறுவது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்று தீர்ப்புச் சொன்னது. கிறித்தவத்திலிருந்து இந்துவாகத் திரும்பியதாகச் சொன்ன ஒரு பெண்ணின் வழக்கு அது.

நான் கேட்பது இவ்வளவுதான். இந்துவாக இருந்தால் படிப்பும் வேலையும் உண்டு, கிறித்தவனானால் இல்லை என்று எழுதி வைத்திருப்பது யார்? சோற்றைக் காட்டி ஒருவனை ஒரு மதத்தில் நிறுத்தி வைப்பதற்கு என்ன பேர்? எந்த மிஷனும் இவ்வளவு பெரிய பத்தாயத்தைத் திறந்து காட்டியதில்லை. காலேஜில் கிண்டல் செய்கிறவனிடம் அந்தப் பையன் இதைக் கேட்கலாம்.

ஆனால் இதுவும் முழுப் பதில் இல்லை. முழுப் பதில் அப்பாயியிடம் இருந்தது. அறுபதுகளில் கோயில் வழியாக அமெரிக்கக் கோதுமையும் பால்மாவும் வந்தது உண்மை. “வாங்குனோம் தம்பி, பொய் சொல்லக்கூடாது. கோதுமைய ஒடச்சிக் கஞ்சி காச்சிக் குடிச்சோம். பால்மாவு வவுத்தால போச்சு” என்று சிரிக்கும். ஆனால் குடும்பம் வேதத்தில் சேர்ந்தது அதற்கு இரண்டு தலைமுறை முன்னால். ஏன் சேர்ந்தார்கள் என்று கேட்டேன். “ஒங்க தாத்தாவுக்குத் தாத்தா பேரு பண்ணையில என்னான்னு நெனக்கிற? கருப்பன் மவன். அவ்வளவுதான், அவருக்குன்னு பேரே கெடயாது. கோயில் ரிஜிஸ்தர்லதான் மொதல்ல பேரு எழுதுனாங்களாம். தேவசகாயம்னு. ஆத்தா பேரும் எழுதுனாங்களாம். அத பாக்கறதுக்கே தெருவே போச்சாம்.” பண்ணைக் கணக்கில் அவர் ஓர் ஆள், இத்தனை மரக்கால். அவ்வளவே.

அப்பாயி சொன்ன இன்னொன்று கைப்பிடி அரிசி. ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுபோக, உபதேசியார் அளந்து ஏலம் விடுவார். சங்கத்துக்குச் சந்தா, கோயிலுக்குக் கைப்பிடி. இரண்டையும் அது விட்டதில்லை. இல்லாத வீட்டில் ஏன் கொடுத்தீர்கள் என்று சண்டை போட்டிருக்கிறேன், சபை உங்களைச் சுரண்டியது என்றும் சொல்லியிருக்கிறேன். “களத்துல கூலி வாங்கயில நம்ம மடி கீழ இருக்கும், அவன் மரக்கா மேல இருக்கும். இதுல நம்ம கை மேல இருந்துச்சுல்ல” என்றது. சோத்துக்குச் சேர்ந்ததாகச் சொல்லப்பட்ட ஜனங்கள் தங்கள் சோற்றிலிருந்து எடுத்துக் கொடுத்துத்தான் எங்கள் ஊர்க் கோயிலுக்கு ஓடு போட்டார்கள். அந்தக் கணக்கை எந்த மிஷன் சரித்திரத்திலும் நான் படித்ததில்லை.

இப்போது அறுவடைக்கு மிஷின் வந்துவிட்டது. களத்துக் கூலி நெல் என்பதே எங்கள் தெருவில் அபூர்வம். அப்பாயியின் பானையில் விழுவது ரேஷன் அரிசி. காசாகவே கொடுத்துவிடுங்கள் ஆயா என்று உபதேசியார் சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. போன தடவை ஊருக்குப் போனது ஒரு சனிக்கிழமை. வாசலில் உட்கார்ந்து பானையை முறத்தில் கவிழ்த்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தது. கண் சரியாகத் தெரியவில்லை. முறத்தை என் பக்கம் தள்ளி, “கறுப்பெல்லாம் பாத்து எடு தம்பி, நாளைக்கிக் கோயிலுக்குப் போவணும்” என்றது.